தட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு: தாளவாத்தியக் கேள்வி – பதில்

மிருதங்கம், தவில், பறை, டிரம்ஸ் என்று பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும், வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களும் கொங்குப் பக்கத்திலிருந்து அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: பையனுக்கு ஆறு வயசு ஆகுதுங்க. கைக்குக் கிடைச்ச சட்டி, டிபன் பாக்ஸ், கேஸ் சிலிண்டர் எல்லாத்தையும் தட்டிக்கிட்டே இருக்கான். இப்பவே மிருதங்கத்துல சேர்த்துவிடலாமுங்களா, இல்ல டிரம்ஸ்ல விடறதுங்களா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சிலிண்டரைத் தட்டாத பிள்ளை கிடையாது, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வாசலில் நடக்க விட்டு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கைதட்டு போடச் சொல்லுங்கள். 16 அடி ஆனதும் தட்டுவதை நிறுத்தி, நடையை மட்டும் தொடரட்டும். நீங்கள் "இப்ப" என்றதும் மறுபடி தட்ட வேண்டும். கால் விழும்போதே கையும் விழுந்தால் பையன் தயார். முன்னே பின்னே விழுந்தால் குறை ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்.

சேர்த்த பிறகும் முதல் மூன்று மாதம் வாத்தியம் வாங்க வேண்டாம். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து. இவற்றைக் கையால் தாளம் போட்டுக்கொண்டே வாயால் சொல்லப் பழகட்டும். வாயில் வராத சொல் விரலில் வராது. "மூணு மாசமா வெறும் வாய்ப்பாடந்தானா, இதுக்கா பீஸு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அப்படிச் சொல்லிக்கொடுப்பவரை விட்டுவிடாதீர்கள். முதல் நாளே வாத்தியத்தின் முன் உட்கார வைப்பவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

மிருதங்கமா டிரம்ஸா என்றால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எதற்கு நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அது. வாராவாரம் ஈரோடு வரை பஸ் ஏற்றி இறக்கிப் படிக்க வைப்பது பெரும்பாலும் நாலாவது மாதத்தில் நின்றுபோகும். டிரம்ஸ் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் பெடலை முழுதாகத் தொட வேண்டும். எட்டாத காலை எட்ட வைக்க நுனியில் உட்கார்ந்தால் முதுகு வளைந்து, அந்த வளைவே பழகிவிடும்.

கேள்வி: ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் சாரல் விடாது. மகளின் மிருதங்கத்தில் சுருதி இறங்கிக்கொண்டே போகிறது. வெயிலில் வைத்தால் ஏறுகிறது, மறுநாள் மறுபடி இறங்கிவிடுகிறது. இடது பக்கம் பூசும் ரவையும் ஒருநாள் போல ஒருநாள் இல்லை.
– ஒரு தந்தை, பொள்ளாச்சி

பதில்: முதலில் வெயிலில் வைப்பதை நிறுத்துங்கள். தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், சுருதி இறங்கும்; காய்ந்தால் இறுகும், ஏறும். அது இயல்பு. ஆனால் வலந்தலையின் (வலது பக்கத் தோலின்) நடுவே இருக்கும் கருப்புக் கரணை (சோறு என்றும் சொல்வார்கள்) கிட்டக்கல் பொடியும் சோற்றுப் பசையும் சேர்த்துப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றியது. தோல் இழுபடும் வேகத்துக்கு அது இழுபடாது. வெயிலில் வைத்து எடுக்க எடுக்க ஓரத்திலிருந்து வெடித்துப் பொடிப்பொடியாக உதிரும். பிறகு வாசிக்கும்போது 'ஜிர்' என்று ஓர் இரைச்சல் வரும். அதற்குப் பசை போட்டு ஒட்டப் பார்க்காதீர்கள்; வாத்தியம் கட்டுபவரிடம் கொடுத்துக் கரணையைப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

மழை மாதத்தில் வாத்தியத்தைச் சிமெண்ட் தரையில் வைக்கக் கூடாது. பலகை மேலோ மடித்த போர்வை மேலோ வைத்து, பருத்தித் துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை.

சுருதி சேர்ப்பதை ஆசிரியர் காட்டித் தந்திருப்பார், ஆனால் பிள்ளைகள் அவசரத்தில் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருப்பார்கள். வலந்தலையைச் சுற்றியுள்ள பின்னலான மூட்டில் வார் நுழையும் கண்கள் 16. கட்டையை மூட்டின் மேல் வைத்துக் கல்லால் உள்பக்கமாக, அதாவது வாத்தியத்தின் நடுவை நோக்கித் தட்டினால் சுருதி ஏறும். அடியிலிருந்து தலைப்பை நோக்கித் தட்டினால் இறங்கும். ஒரு கண்ணில் தட்டியதும் அதற்கு நேர் எதிர்க் கண்ணில் தட்ட வேண்டும். பிறகு வாத்தியத்தைச் சற்றுச் சுழற்றி, ஒவ்வொரு கண்ணுக்கும் நேராக 'நம்' வாசித்துப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்டால்தான் சேர்ந்தது என்று அர்த்தம். ஓர் இடத்தில் மட்டும் தணிந்திருந்தால், மொத்தமும் இறங்கிவிட்டது என்று நினைத்து எல்லாக் கண்ணையும் ஏற்றிவிடுகிறார்கள். அப்போதுதான் தோல் கிழிகிறது. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கல்லைத் தொட வேண்டாம். எந்த இடம் தணிந்திருக்கிறது என்று காதால் கண்டுபிடித்துச் சொன்னால் போதும். அதுவே பெரிய பயிற்சி.

ஓர் ஐயம் எங்களுக்கு. மகள் எந்தச் சுருதிக்கு ஏற்றப் பார்க்கிறாள்? 24 அங்குல வாத்தியத்தை 5 கட்டைச் சுருதிக்கு இழுத்தால் மழை இல்லாவிட்டாலும் நிற்காது. நீளம் கூடிய வாத்தியம் தாழ்ந்த சுருதிக்கு உரியது. பெண்கள் பாடும் 5, 5½ கட்டைக்கு 22 அங்குலம்தான் சரி.

ரவை விஷயம் எளிது. மெல்லிய ரவையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சப்பாத்தி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவே ஒரு பதத்தில் நிறுத்துங்கள். விரலில் ஒட்டி இழுபட வேண்டும், வழியக் கூடாது. இடந்தலை நடுவில் விரல் நுனியை நனைத்துத் தடவிவிட்டு, அதன் மேல் எலுமிச்சை அளவுக்குக் கீழே எடுத்து வட்டமாகப் பரப்புங்கள். இடந்தலை, வலந்தலையின் சட்ஜத்துக்கு (ஆதார 'ஸ'வுக்கு) ஒரு ஸ்தாயி கீழே, அதாவது கீழ் 'ஸ'வில், பேச வேண்டும். மேலே நின்றால் இன்னும் கொஞ்சம் ரவை. 'தொப்' என்று அடைத்தால் கொஞ்சம் கிள்ளி எடுங்கள். ஒருநாள் போல ஒருநாள் இல்லாததற்குக் காரணம், அளவைக் கண்ணால் பார்ப்பது. காதால் பாருங்கள். வாசித்து முடித்ததும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காய விட்டால் தோல் விறைக்கும், ராத்திரி கரப்பான் பூச்சி தேடி வரும்.

கேள்வி: எட்டு வயது மகன் டிரம்ஸ் வகுப்புக்குப் போகிறான். மூன்றாவது வாரமே சினிமாப் பாட்டு வாசிக்க வைக்கிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் கொப்புளம் வந்துவிட்டது.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: பாட்டு வாசிப்பதில் தப்பில்லை. பிள்ளை உற்சாகமாக இருக்கப் பாட்டு வேண்டும். ஆனால் கொப்புளம் வேறு கதை சொல்கிறது. அந்த இடத்தில் கொப்புளம் வந்தால் குச்சியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு அடியையும் தோளிலிருந்து அடிக்கிறான் என்று அர்த்தம். குச்சி அடித்ததும் தானே துள்ளி எழ வேண்டும்; அந்தத் துள்ளலைக் கை அமுக்கினால் தோல் உரசிக் கொப்புளிக்கும்.

குச்சியின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதிரெதிராகப் பிடிக்கட்டும். மற்ற மூன்று விரலும் சும்மா சுற்றியிருக்கட்டும். உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். ஒரு முறை விழவிட்டு, குச்சி தானாக எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நான்கைந்துக்குக் குறைந்தால் பிடி இறுக்கம். எட்டு வயதுக் கைக்கு 5ஏ அளவுக் குச்சி தடிமன். அதைவிட மெலிந்த 7ஏ வாங்கிக்கொடுங்கள்.

வீட்டில் கிட் தேவையில்லை, ரப்பர் பேட் போதும். மெட்ரோனோமை (சீரான வேகத்தில் 'டிக் டிக்' என்று தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒரு துடிப்புக்கு இரண்டு அடி: வலது, இடது, வலது, இடது. இரண்டு நிமிடம். பிறகு வலது வலது இடது இடது, இரண்டு நிமிடம். பிறகு பாரடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. பிறகு ஓய்வு. இரண்டு கையின் சத்தமும் ஒன்று போல இருந்தால் மறுநாள் 64. இடது கை மெலிந்து கேட்டால் 60-இலேயே இருங்கள், ஒரு வாரம் ஆனாலும் சரி. குச்சி இரண்டும் ஒரே உயரத்திலிருந்து இறங்குகிறதா என்று எதிரே நின்று பாருங்கள். மெலிவுக்குப் பாதிக் காரணம் உயரம்தான்.

பாட்டுக்கான அடிப்படைத் தாளத்தையும் அடுக்கடுக்காகத்தான் கட்ட வேண்டும். முதலில் ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) மட்டும் எட்டு அடி, "ஒண்ணு-உம் ரெண்டு-உம் மூணு-உம் நாலு-உம்" என்று வாயில் எண்ணிக்கொண்டே. அது அசையாமல் நின்றதும் 2, 4-இல் ஸ்நேர் (முன்னால் இருக்கும் சிறு டிரம்). அதற்குப் பிறகுதான் 1, 3-இல் பேஸ் டிரம் (பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்). மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தால், கால் அடிக்கும்போதெல்லாம் ஹை-ஹேட் கையும் ஓங்கி விழும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க மாதக்கணக்காகும்.

கேள்வி: பையனுக்கு இடது கைப் பழக்கம். மிருதங்க வாத்தியார் வலது கைக்கு மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கை வாசிப்பாளர்தான். மிருதங்கத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. வாத்தியத்தைத் திருப்பி வைத்து, இடது கையால் கரணைப் பக்கம் வாசிக்கட்டும். நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு: கரணைப் பக்கம் சபையைப் பார்க்க வேண்டும் என்பதால், மேடையில் பாடுபவருக்கு வழக்கமாக மிருதங்கம் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டியிருக்கும். அது மேடை ஏறும் காலத்துக் கவலை.

கேள்வி: என் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. விளம்பத்தில் (மெதுவான காலத்தில்) தொடங்கி, தீர்மானத்துக்கு (ஒரே சொல்லை மூன்று முறை வாசித்து முடிக்கும் இடத்துக்கு) வரும்போது மத்திமமே (நடுத்தரக் காலமே) தாண்டிவிடுகிறார்கள். மெட்ரோனோம் வைத்தால் சரியாக வாசிக்கிறார்கள், எடுத்தால் மறுபடி ஓடுகிறார்கள்.
– ஒரு மிருதங்க ஆசிரியர், ஈரோடு

பதில்: மெட்ரோனோமோடு சேர்ந்து வாசிப்பது கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. விட்டதும் ஓடத்தான் செய்வார்கள். எவ்வளவு ஓடுகிறார்கள் என்று அவர்களே பார்க்க ஒரு வழி: 60-இல் ஒரு ஆவர்த்தனம் (8 எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) ஆதி தாளம் கேட்கச் செய்து, அணைத்துவிடுங்கள். 15 ஆவர்த்தனம் வாசிக்கட்டும். ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி, ஆக மொத்தம் சரியாக 2 நிமிடம் ஆக வேண்டும். செல்போனில் நேரம் பாருங்கள். 1 நிமிடம் 50 விநாடியில் முடித்தால், 60-இல் தொடங்கியவன் சராசரியாக 65-இல் ஓடியிருக்கிறான். வாராவாரம் நோட்டில் எழுதி வையுங்கள். திட்டுவதைவிட அந்த எண் நன்றாக வேலை செய்யும்.

ஓட்டம் எங்கே பிறக்கிறது என்றால், அடிக்கும் இடத்தில் அல்ல, கார்வையில். சும்மா இருக்க வேண்டிய இடத்தைப் பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள். தீர்மானத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். கணக்கோடு காட்டினால் புரியும்:

ஆதி தாளம், சதுஸ்ர நடை (ஓர் எண்ணிக்கைக்கு 4 மாத்திரை), 8 எண்ணிக்கைக்கு 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' 5 மாத்திரை, மூன்று முறை 15. இடைவெளி இல்லாமல் வாசித்தால் 17 மாத்திரை கழிந்த பிறகு எடுக்க வேண்டும். அதாவது ஐந்தாவது எண்ணிக்கையின் தட்டு விழுந்து, அதன் முதல் மாத்திரையை விட்டு, இரண்டாவதில் எடுப்பு. இப்போது ஒவ்வொரு ததிங்கிணதொம்முக்கும் நடுவில் 2 மாத்திரை கார்வை வையுங்கள். 5, 2, 5, 2, 5, ஆக 19. 32-இல் 19 போனால் 13. நான்காவது எண்ணிக்கையில், நடுவிரல் எண்ணும் இடத்தில், ஒரு மாத்திரை விட்டு எடுப்பு. கார்வையை ஒரு மாத்திரையாகக் குறைத்தால் எங்கே எடுப்பது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 17 மாத்திரைத் தீர்மானம், 15 கழிந்த பிறகு, நான்காவது எண்ணிக்கையின் கடைசி மாத்திரையில் எடுக்க வேண்டும்.

முதலில் இதை வாத்தியம் இல்லாமல், தாளம் போட்டுக்கொண்டு சொல்லட்டும், கார்வையில் 'தாங்கு' என்று இரண்டு அசை நிரப்பி. அடுத்த வாரம் அதே 'தாங்கு'வை முணுமுணுப்பாக. அதற்கடுத்த வாரம் மனசுக்குள். இந்த மூன்று படியில் எதையும் தாண்டாதீர்கள். ததிங்கிணதொம் வந்துவிட்டது என்று குஷியில் அடுத்த கோர்வைக்குப் போகும் ஆசிரியர்தான் ஓடும் மாணவனை உருவாக்குகிறார் என்பது எங்கள் எண்ணம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: பலமாக வாசிக்கச் சொன்னால் ஓடுவார்கள், சத்தத்தைத் தணித்து வாசிக்கச் சொன்னால் இழுப்பார்கள். சத்தம் வேறு, வேகம் வேறு என்று அவர்கள் கைக்குத் தெரியாது. ஒரே பாடத்தை, ஒரே காலப்பிரமாணத்தில், ஒரு ஆவர்த்தனம் ஓங்கி, ஒரு ஆவர்த்தனம் தணித்து மாற்றி மாற்றி வாசிக்க விடுங்கள்.

கேள்வி: பள்ளியில் பறை வகுப்பு எடுக்கிறேனுங்க. 30 பிள்ளைக, 6 தப்பட்டைதான் இருக்குது. ஒரு பீரியடு 40 நிமிஷம். பாதிப் பேர் வேடிக்கை பார்க்கிறாங்க. தோல் பறையா பைபர் பறையா எது வாங்கலாமுங்க? சில பெற்றோர், அது சாவுக்கு அடிக்கிறது, எம்பிள்ளைக்கு வேண்டாம்ங்கறாங்க.
– ஒரு பகுதிநேர ஆசிரியர், தாராபுரம்

பதில்: ஆறு பறை என்றால் ஆறு குழு, குழுவுக்கு ஐந்து பேர். முதல் 5 நிமிடம் எல்லாரும் வட்டமாக நடந்துகொண்டு கைதட்டு. அடுத்த 5 நிமிடம் அன்றைய அடியை எல்லாரும் வாயால் சொல்லட்டும். பிறகு ஐந்து சுற்று, சுற்றுக்கு 5 நிமிடம். ஒருவர் பறை, இருவர் குச்சிகளோடு பழைய டயர் துண்டு அல்லது ரப்பர் விரிப்பில், ஒருவர் வாய்ச்சொல், ஒருவர் காலடி. சுற்று முடிந்ததும் மாறுவது. கடைசி 5 நிமிடம் ஆறு பறையும் மீதிப் பேர் வாயுமாகச் சேர்ந்து. 40 நிமிடம் சரியாகப் போய்விடும், வேடிக்கை பார்க்க ஆள் இருக்காது.

தொடக்கத்தில் ஆட்டத்தைச் சேர்க்காதீர்கள். குட்டையான அடிக்குச்சி ஒரு கையிலும், மூங்கிலில் செதுக்கிய நீண்ட மெல்லிய சிண்டுக் குச்சி மறு கையிலும் நிற்கப் பழகவே நாளாகும். சிண்டு பிடிக்கும் கைதான் பறையின் மேல் விளிம்பையும் தாங்குகிறது. பிள்ளைகள் விளிம்பை இறுக்கிப் பிடிப்பதால் சிண்டு மணிக்கட்டிலிருந்து சுழலாமல் ஒட்டிக்கொள்ளும், 'ட்டக்' என்று செத்த சத்தம் வரும். பட்டை தோளில் சரியான நீளத்துக்குக் கட்டப்பட்டிருந்தால் பறையின் எடையைத் தோள் வாங்கும், விரல் விடுபடும். பாதிப் பிரச்சினை பட்டையில் தீர்ந்துவிடும்.

வகுப்புக்கு பைபர் வாங்குங்கள், நிகழ்ச்சிக்கு இரண்டு தோல் பறை வைத்துக்கொள்ளுங்கள். தோல் பறையைக் காய்ச்சாமல் வாசிக்க முடியாது, காய்ச்சும் வேலையைப் பிள்ளைகளிடம் விட முடியாது. வைக்கோல் அல்லது காகிதத் தீயை மூட்டி, தோல் பக்கத்தைத் தீக்கு மேலே சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடம் கருகி வெடிக்கும். புறங்கையைத் தோலில் வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியாத சூடு வருவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். சுண்டினால் 'கணீர்' என்றால் போதும். பனி விழும் மார்கழிச் சாயங்காலத்தில் அரை மணிக்கொரு முறை மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும், வைக்கோலைத் தாராளமாக வாங்கி வையுங்கள்.

பெற்றோருக்குச் சொல்ல: ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் வைத்திருக்கிறது. உழவுக்கும் வெறியாட்டுக்கும் போருக்கும் தனித்தனிப் பறை இருந்தது. நம் மாரியம்மன் நோம்பியில் கம்பம் சுற்றி ஆடும்போது அடிப்பது எது என்று அவர்களையே கேளுங்கள். அதற்கு மேலும் ஒருவர் சாதியை மனதில் வைத்துப் பேசினால், வாத்தியத்தைப் பற்றி விளக்கி ஆகப்போவது இல்லை.

கேள்வி: வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பகல் முழுக்கச் சத்தம். மகள் தறியோட வேகத்துக்கே வாசிக்கப் பழகிட்டாளுங்க.
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அவள் காதில் குறையில்லை, சொல்லப்போனால் காது நன்றாக இருப்பதால்தான் தறியைப் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் அந்தச் சத்தத்துக்கு மேல் தன் வாசிப்பு கேட்க வேண்டுமென்று ஓங்கி அடிப்பாள்; நாதம் போய் அடி மட்டும் நிற்கும். காதுக்கும் கேடு. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு தொழிலாளர்களுக்கு வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். டிரம்ஸ் கிட் மூடிய அறையில் அந்த அளவைத் தாராளமாகத் தொடும், தறி அருகில் நிற்பவருக்கும் ஏறக்குறைய அதே கதி.

தறி ஓடும் நேரத்தில் வாய்ப்பாடமும் கணக்கும் எழுதட்டும். வாத்தியத்தைத் தறி நிற்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள்: விடிகாலை, அல்லது கரண்ட் போனதும். 20 நிமிடம் கிடைத்தாலும் நல்ல 20 நிமிடம்.

கேள்வி: அரசு இசைப்பள்ளியில் சேர்க்க விரும்புகிறோம். எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மிருதங்கம், தவில் இரண்டும் மூன்று ஆண்டுப் படிப்பு. கோவை மலுமிச்சம்பட்டியில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி. வயது, படிப்புத் தகுதியை நேரில் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

கேள்வி: பத்து வயசுப் பையன் தவில் கத்துக்கிறான். கூடு போட்டு வாசிச்சா விரல் நுனி வீங்குதுங்க.
– ஒரு தந்தை, காங்கயம்

பதில்: பெரியவர்களுக்குச் செய்த கூட்டைப் பையன் போட்டிருப்பான். துணியைப் பசையில் தோய்த்து விரலுக்குச் சுற்றிக் காய வைத்த கூடு அந்தந்த விரலுக்கென்றே செய்ய வேண்டும். தொளதொளவென்றிருந்தால் உள்ளே விரல் இடிபடும், இறுக்கமாயிருந்தால் ரத்தம் ஓடாது. வளரும் பிள்ளை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது புதிதாகச் செய்யுங்கள். வீக்கம் வடியும்வரை கூடு வேண்டாம், வெறும் விரலால் மெதுவாகச் சொற்களை வாசிக்கட்டும். தவிலைத் தோளில் மாட்டி நிற்க வைக்காதீர்கள்; இரும்பு வளையமும் போல்ட்டும் போட்ட இன்றைய தவிலின் கனம் பத்து வயது முதுகுக்கு ஆகாது. உட்கார்ந்தே படிக்கட்டும்.